பழைய பார்ட்டைக் கையில் கொடுங்கள்

இந்த வாரம் சினிமா விமர்சனம் இல்லை. புத்தக விமர்சனமும் இல்லை. இரண்டு பில்களை விமர்சிக்கப் போகிறேன்.

இரண்டும் ஒரே காரைப் பற்றியவை. ஒரே கோளாறைப் பற்றியவை. முதலாவது மூன்று பக்கத்துக்கு வழவழ தாளில் அச்சான கம்ப்யூட்டர் எஸ்டிமேட். தொகை 28,640 ரூபாய். இரண்டாவது, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. தொகை 350 ரூபாய்.

முதல் பில்லை எழுதியது சென்னையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். இரண்டாவதை எழுதியவர் கிளியனூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். இருவர் பெயரும் வேண்டாம். விஷயம் பெயரில் இல்லை.

கோளாறு இதுதான். ஆறு வயதான என் கார், காலையில் சாவியைத் திருப்பினால் சில நாள் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அமைதியாகிவிடும். நாலைந்து முறை கெஞ்சினால் கிளம்பும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், அணையும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டை கட்டிய இளைஞர் 'வாங்க சார்' என்று ஏசி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என் வண்டி, ஐ.சி.யு.வில் படுத்திருக்கும் உறவினர் மாதிரி தெரிந்தது. யாரோ லேப்டாப்பைச் செருகினார்கள். அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது. ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும். பேட்டரி மாற்ற வேண்டும். த்ராட்டில் பாடி க்ளீனிங். இன்ஜின் ட்ரெஸ்ஸிங். ஏசி கிருமிநீக்கம்.

'கிருமிக்கும் ஸ்டார்ட்டிங் ட்ரபிளுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டேன்.

'கம்ப்ளீட்டா பண்ணிட்டா நிம்மதி சார்.'

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்தது நான் இல்லை, என் மனைவி. 'ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம், விடுங்க' என்றாள். ஊர் என்றால் கிளியனூர். அவள் பெரியம்மா வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய், இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்புக் குவியல்களைப் பார்த்துவிட்டு, மேற்கே திரும்பி உள்ளே போனோம். போகும்போது வண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை வாசலில் மொத்தமாக மௌன விரதம்.

பெரியம்மா, 'மாப்ளே, முதல்ல காபியைக் குடிங்க, வண்டி எங்க ஓடிடப் போவுது' என்றார். வண்டி ஓடாததுதான் பிரச்னை என்பதை அவரிடம் சொல்லவில்லை. மச்சான் பைக்கில் போய் ஒருவரை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்ட்டர், கையில் சின்ன மீட்டர், தோளில் ஒரு துண்டு.

அவர் செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த விமர்சனத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது.

முதலில் அவர் பானெட்டைத் திறக்கவில்லை. 'எத்தனை நாளா இப்படி? காலையில மட்டுமா, மத்தியானமும் உண்டா? சாவி போட்டா லைட் மங்குதா? வண்டி எங்க நிக்கும்?' என்று என்னைக் கேட்டார். திருவான்மியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, திறந்த வெளியில் நிற்கும் என்றேன். 'ஓஹோ' என்றார். டாக்டர்கள் சொல்லும் அதே ஓஹோ.

பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். 12.5 வோல்ட். 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு.' அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை இன்ஜினின் மேல் உலோகத்திலும் வைத்து, 'சார், சாவியத் திருப்புங்க' என்றார். 'டக்.' மீட்டரில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட். 'இங்க அரை வோல்ட்டுக்கு மேல காட்டினாலே தப்பு சார்' என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜம்பர் வயரால் அந்த இரண்டு இடத்தையும் இணைத்துவிட்டு மறுபடி திருப்பச் சொன்னார். வண்டி பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி சீறிக் கிளம்பியது.

விஷயம் எளிமையானது. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு பட்டையான செம்பு வயர் போட்டிருப்பார்கள். எர்த் வயர். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரும் திரும்பிப் போகும் வழி அதுதான். என் வண்டியில் அதன் முனை பச்சையாகப் பூத்து, நட்டுக்கு அடியில் மாவாகிப் போயிருந்தது. ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரன்ட்டும் அதே வழியில்தான் போக வேண்டும் என்பதால், கம்ப்யூட்டருக்கு 'வோல்டேஜ் குறைவு' என்று பட்டிருக்கிறது. அதுதான் மஞ்சள் விளக்கு.

'உப்புக் காத்து சார். இங்க உப்பு லாரி பத்து வந்தா அதுல ஆறு இந்தக் கோளாறுதான்' என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வயர் பொருத்தி, மேலே கிரீஸ் தடவினார். அவிழ்த்த பழைய வயரைத் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்தார். 'வச்சுக்குங்க. கேட்டா காட்டலாம்.'

இதுவரை படித்துவிட்டு, 'சர்வீஸ் சென்டர்காரன் திருடன், தெருவோர மெக்கானிக் தெய்வம்' என்று சொல்லப் போகிறேன் என நினைத்தால், மன்னிக்கவும். அது பழைய எம்.ஜி.ஆர். படத்துக் கதை. உண்மை அதைவிட சுவாரஸ்யமானது.

அந்த டை கட்டிய இளைஞர் பொய் சொல்லவில்லை. லேப்டாப் வோல்டேஜ் குறைவு என்று சொன்னது. வோல்டேஜ் தருவது ஆல்டர்னேட்டரும் பேட்டரியும். இரண்டையும் மாற்றினால் பிரச்னை தீரும் என்று அவர் நம்பினார். ஸ்கேனர் சொல்வது ஜுரம் இருக்கிறது என்பதை. மலேரியாவா டைஃபாய்டா என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒருவர் வண்டியின் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே அந்தப் பத்து நிமிஷத்துக்கு பில் போட வழியில்லை. பார்ட் மாற்றினால் பார்ட்டுக்கும் காசு, மாற்றும் கூலிக்கும் காசு. தவிர, புது வண்டி விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் மெலிசு. ஷோரூம் வாடகையும் சம்பளமும் சர்வீஸிலும் ஸ்பேரிலும் இன்ஷூரன்ஸிலும்தான் வர வேண்டும். ஆகவே உங்களோடு பேசுபவர் வண்டியைத் தொடுவதில்லை, வண்டியைத் தொடுபவர் உங்களோடு பேசுவதில்லை. நடுவில் ஒரு கண்ணாடி. அதன் வழியாக எல்லாம் தெரியும், ஒன்றும் புரியாது.

சரி, பின் ஏன் நாம் அங்கேயே போகிறோம்?

ஒரே வார்த்தை. வாரன்ட்டி.

வண்டி வாங்கிய அன்றே, மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கும்போதே, காதில் ஓதிவிடுகிறார்கள். 'வெளிய மட்டும் விட்டுடாதீங்க சார், வாரன்ட்டி போயிடும்.' இரண்டு மூன்று வருஷம் அந்தப் பயத்திலேயே போய்ப் பழகுகிறோம். வாரன்ட்டி முடிந்தபின் பயத்துக்கு வேறு பெயர் வருகிறது. 'சர்வீஸ் ஹிஸ்டரி கட்டாயிடும் சார், ரீசேல் அடிவாங்கும்.' என்னிடம் சொன்னது இதைத்தான்.

இந்தப் பயம் நியாயமானதா என்று ஒருவர் சட்டப்படி கேட்டார். ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். முதலில் மூன்று கார் கம்பெனிகளின் மேல்தான் புகார். கார்க் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்டுகளை வெளிச்சந்தையில் விற்க விடுவதில்லை, ரிப்பேருக்கான கருவிகளையும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை, அதனால் வண்டி வாங்கியவன் அவர்களிடமே மாட்டிக்கொள்கிறான் என்பது சாரம். விசாரித்தவர்கள், 'இது மூன்று பேர் விஷயம் இல்லை' என்று மற்ற கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

2014 ஆகஸ்ட் 25-ம் தேதி தீர்ப்பு வந்தது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். கம்பெனிகள் வரிசையைப் பார்த்தால் நம் தெருவில் ஓடும் பெயர்கள் அத்தனையும் இருக்கும். நம் இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனியான ஹூண்டாய்க்குத் தனியாக, 2015 ஜூலையில், 420 கோடி.

தீர்ப்பின் வாதம் பாமரனுக்கும் புரியும். கார் வாங்கும்போது கடைத்தெருவில் பத்து கம்பெனி இருக்கிறது, போட்டி இருக்கிறது. வாங்கியபின்? அந்த வண்டியின் கதவுக்கு அந்தக் கம்பெனியின் கதவுதான் பொருந்தும். அந்தச் சின்னச் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் தனிக்காட்டு ராஜா. ராஜா நினைத்த விலையை வைக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காருக்குள் இருக்கும் பல பாகங்களைக் கார்க் கம்பெனி தயாரிப்பதே இல்லை. சென்னை பாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் பிரேக்கும் அங்கே உள்ள ஆலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தயாராகின்றன. அப்படித் தயாரிக்கிறவர், அதே சாமானைத் தன் சொந்த டப்பாவில் போட்டு வெளியில் விற்கத் தடை போடக்கூடாது என்று ஆணையம் சொன்னது. ஸ்பேர் பார்ட்டும் கோளாறு கண்டறியும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வழி செய்யச் சொன்னது.

முக்கியமான வரி இனிமேல்தான். வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்ட்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளி மெக்கானிக் தப்பாகச் செய்து அதனால் சேதம் வந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம். அதாவது, கிளியனூரில் எர்த் வயர் மாற்றியதற்காக உங்கள் கியர்பாக்ஸ் வாரன்ட்டியைப் பிடுங்கக் கூடாது.

தீர்ப்பு வந்த அந்த 2014-ம் வருஷத்தைக் கவனியுங்கள். ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. மே மாதம் அம்பாஸடர் நின்றது. இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகள் தொழில் கற்றுக்கொண்ட இரண்டு பாடப்புத்தகங்களும் ஒரே வருஷத்தில் அச்சுக்குப் போவது நின்றுவிட்டது. அம்பாஸடர் நடுரோட்டில் நின்றால் பஸ் கண்டக்டர்கூட இறங்கி வந்து யோசனை சொல்வார். எங்கே நின்றாலும் பத்தடியில் ஒருவர் ஸ்பேனரோடு இருப்பார். புதுப்பேட்டையில் அதன் எந்த எலும்பும் கிடைக்கும். வெளி மெக்கானிக்கிடம் போகலாம் என்று சட்டம் சொன்ன வருஷத்தில்தான் வெளி மெக்கானிக் தூங்கிக்கொண்டே ரிப்பேர் செய்யக்கூடிய வண்டிகள் முடிந்துபோயின.

தீர்ப்புக்குப் பின் என்ன ஆயிற்று? நம் ஊரில் எல்லாத் தீர்ப்புக்கும் ஆவதுதான். மேல்முறையீடு. 2016 டிசம்பரில், மூன்று கம்பெனிகளின் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 'தப்பு தப்புதான்' என்று உறுதி செய்தது. அபராதக் கணக்கை மட்டும் ஸ்பேர் பார்ட் விற்பனையோடு நிறுத்திக் குறைத்தது. மற்ற பல கம்பெனிகள் சட்டமே செல்லுமா என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, அங்கே 2019 வரை இழுத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு கமிட்டி போட்டது. டிராக்டர், செல்போன், வீட்டுச் சாமான்களோடு காரும் அதில் உண்டு. அதே வருஷம் டிசம்பர் 24, நுகர்வோர் தினத்தன்று, கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஒரே இடத்தில் பார்க்க ஓர் அரசு இணையதளமும் வந்தது.

வெளிநாட்டில் இந்தச் சண்டை பழசு. அமெரிக்காவில் 1975-லேயே, எங்கள் ஆளிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று வாரன்ட்டியைக் கட்டிப்போடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 2002-ல், வெளி மெக்கானிக்குகளுக்கும் தொழில்நுட்ப விவரம் கொடு என்று விதி செய்தார்கள். 2012-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதற்காக மக்களிடம் நேரடியாக ஓட்டெடுப்பே நடந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல், 'எங்கள் காரின் ரகசியத்தை எங்கள் மெக்கானிக்கிடம் சொல்லு' என்று ஓட்டுப் போட்டார்கள். நம் தேர்தலில் எந்தக் கட்சியாவது இதை அறிக்கையில் போடுமா, யோசித்துப் பாருங்கள். மிக்ஸி கொடுப்பார்கள். மிக்ஸி ரிப்பேர் ஆனால் என்ன செய்வது என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து, இரண்டாவது பில்லையும் அதே கறாரோடு விமர்சிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் மச்சான் ஊருக்குப் பரிந்து பேசுவதாக ஆகிவிடும்.

காலண்டர் தாளின் முதுகில் எழுதிய பில்லில் தேதி இல்லை. (முன்பக்கம் இருந்தது. ஆனால் அது போன மாசத் தேதி.) கையெழுத்து இல்லை. என்ன வயர், யார் தயாரித்தது என்று இல்லை. நாளைக்கு அந்த வயர் தீப்பிடித்தால் என்னிடம் இருப்பது, நல்ல நேரமும் ராகு காலமும் போட்ட ஒரு தாள். எந்தக் கோர்ட்டிலும் அது செல்லாது.

கிளியனூர்க்காரர் நல்லவர். எல்லாரும் அவர் இல்லை. பல வருஷம் முன்பு வேறோர் ஊரில், ஏர்பேக் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது என்று ஒரு ஷெட்டில் விட்டேன். அரை மணியில் அணைத்துக் கொடுத்தார். எப்படி என்று பின்னால் தெரிந்தது. விளக்கின் இணைப்பையே எடுத்துவிட்டிருந்தார். வீட்டில் நெருப்பு மணி அடித்தால் மணியைக் கழற்றி வைப்பது மாதிரி. விபத்து நடந்திருந்தால் அந்தப் பலூன் விரிந்திருக்குமா என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. 'ஒரிஜினல் சார்' என்று போடப்படும் டூப்ளிகேட் ஆயில் ஃபில்டர்கள், டார்க் ரெஞ்ச் என்ற கருவியையே பார்க்காமல் கை பலத்தில் முறுக்கப்படும் போல்ட்டுகள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது, படிக்க வேண்டிய வயசில் கிரீஸ் டப்பாவோடு நிற்கும் பையன்கள். இதெல்லாமும் நம் தெருவோர ஷெட்டுகளின் கதைதான். 'பாத்துக்கலாம் சார்' என்ற இரண்டு வார்த்தையில் பல இன்ஜின்கள் உயிரை விட்டிருக்கின்றன.

ஆகவே எங்கே போவது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை.

வாரன்ட்டி இருக்கும்வரை, இலவசமாகச் செய்ய வேண்டியதைக் கம்பெனியிடமே வாங்குங்கள். அது உங்கள் காசு. சீட் பெல்ட், ஏர்பேக், ஏபிஎஸ் போன்ற உயிர் காக்கும் சமாசாரங்களுக்கும், ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகளின் ஹை வோல்டேஜ் பக்கத்துக்கும் அதற்கான பயிற்சி பெற்றவரிடம் போங்கள். கம்பெனி தன் தப்பை ஒப்புக்கொண்டு வண்டியைத் திரும்பக் கூப்பிடும் 'ரீகால்' வந்தால் கட்டாயம் போங்கள். 2021 ஏப்ரல் முதல் அரசாங்கமே கூப்பிடச் சொல்லி உத்தரவு போடும் விதி இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். மற்றபடி ஆயில், பிரேக், க்ளட்ச், சஸ்பென்ஷன், ஏசி, இந்த மாதிரி எர்த் வயர் இவற்றுக்கெல்லாம், வாரன்ட்டி முடிந்த வண்டியை, தெரிந்த நல்ல மெக்கானிக்கிடம் கொடுப்பதில் ஒரு பாவமும் இல்லை.

நல்லவர் என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். 'பழைய பார்ட்டைக் கையில் கொடுங்கள்' என்று கேளுங்கள். வண்டியை விடும்போதே கேளுங்கள். கொடுக்கிறவர் உண்மையாகவே மாற்றியிருக்கிறார். எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் காட்டுகிறவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. 'அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சு சார்' என்றால், அது பளிங்குத் தரையானாலும் சரி, புளியமரத்தடியானாலும் சரி, அடுத்த முறை வேறு இடம் பாருங்கள். கூடவே டப்பாவைக் கேளுங்கள். டப்பாவில் பார்ட் நம்பரும் விலையும் அச்சாகியிருக்கும். பில் கேளுங்கள், ஷெட்காரரிடமும் கேளுங்கள். கேட்டால்தான் அவருக்கும் எழுதிப் பழக்கம் வரும்.

எல்லாம் முடிந்து, வண்டியைச் சரிபார்க்கிற சாக்கில் அவரோடு ஷெட் வரை போனேன். திண்டிவனம் - புதுச்சேரி சாலையை ஒட்டி, தகரக் கூரை. இரண்டு உப்பு லாரி, ஒரு டாடா ஏஸ், பானெட்டைத் திறந்துகொண்டு ஒரு புது மாடல் கார். அதைச் சுட்டிக்காட்டினார்.

'சாவி தொலைச்சுட்டாங்க சார். புது சாவி வாங்கிட்டாங்க. ஆனா அதை வண்டிகிட்ட அறிமுகப்படுத்தணும். நம்ம ஸ்கேனர் கோளாறப் படிக்குது, அறிமுகம் பண்ண மாட்டேங்குது. டோ பண்ணி பாண்டிக்கு அனுப்பறேன்.' ஸ்கேனர் அவர் சொந்தக் காசில் வாங்கியது. கம்பெனிக் கருவி கிடைக்காது, கிடைத்தாலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று வாங்கிக் கட்டுப்படியாகாது.

'எனக்குக் கை இருக்கு சார். பாஸ்வேர்டு இல்ல' என்றார்.

மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். டிப்ளமா ஆட்டோமொபைல் முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலையாம். யூனிஃபார்ம், பி.எஃப். எல்லாம் உண்டு. 'அவனுக்கு லேப்டாப் நல்லா வரும். ஆனா மீட்டர் வச்சுத் தேட விடமாட்டாங்க. நேரம் இல்லையாம்.'

அப்பாவிடம் தேடத் தெரிந்த மூளை இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லை. மகனிடம் பாஸ்வேர்டு இருக்கிறது, தேட அனுமதி இல்லை. இரண்டுக்கும் நடுவில் நம் வண்டி நிற்கிறது. ஆணையத்தின் அந்தத் தீர்ப்பு எத்தனை கோடி அபராதம் என்பதை நாம் மறந்துவிடலாம். அந்த அப்பாவின் ஷெட்டுக்கு அந்தப் பாஸ்வேர்டு நியாயமான விலைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் அதன் வெற்றி தோல்வி. அந்த அளவுகோலில் இன்னும் பாஸ் மார்க் வரவில்லை.

இது மெக்கானிக்குகளின் வயிற்றுப் பிழைப்பு மட்டும் இல்லை. அபராதம் வாங்கிய பதினாலு கம்பெனிகளில் சில இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் நிறுத்தியது. நம் மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையிலிருந்து 2022-ல் கடைசிக் கார் வெளியே வந்தது. கம்பெனிகள் போய்விடும். வாங்கிய வண்டி நம் வாசலில் நிற்கும். அப்போது எந்தக் கண்ணாடி அறை காபி கொடுக்கும்? புளியமரத்தடிக்காரர்தான் வர வேண்டும். அவர் இருக்க வேண்டுமென்றால் இப்போதே நாம் அவரிடம் போய்வந்துகொண்டிருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு கதை நமக்குத் தெரியும். வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார். ஓட்டுவதற்கு முந்தி அதைக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்பதால்தான் அவர் ஜி.டி. நாயுடு. 'திறந்தால் வாரன்ட்டி போய்விடும்' என்று யாராவது அவர் காதில் ஓதியிருந்தால், கோவைக்கு ஒரு நல்ல ஓட்டல் சர்வர் மிஞ்சியிருப்பார்.

அந்தப் பச்சை பூத்த எர்த் வயர் என் மேஜைமேல்தான் இருக்கிறது, பேப்பர் வெயிட்டாக. வண்டி இப்போது முதல் திருப்பலிலேயே கிளம்புகிறது. போன வாரம் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. குரல் இனிமையாக இருந்தது. 'சார், எஸ்டிமேட் இன்னும் பெண்டிங்ல இருக்கு. இந்த மாசம் வந்தா ஏசி கிருமிநீக்கம் ஃப்ரீ.'

வருகிறேன், ஆனால் கழற்றும் கிருமியைக் கையில் கொடுக்க வேண்டும் என்றேன். லைன் கட்டாகிவிட்டது.